கப்டன் மர்ஃபியின் திருநீறு

லைப்சிக்
14.01.2025

அன்புள்ள தம்பி சிறிக்கு,

பொங்கலும் அதுவுமாக நான் சுகமாக இருக்கிறேன். இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதுக்கு மெசின் போட்டிருக்கிறேன். அதைப் போட்டாலும் நீ ரெலிபோனில் கத்துவது தகரப் பீப்பாவை உருட்டுகிற மாதிரித்தான் கேட்கிறது. ஆகவே எனக்குக் கடிதம்தான் சரி, நீயும் எழுது. நீங்கள் எல்லாரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். வெட்கம் கெட்டவர்களுக்கு வருத்தம் வருவது குறைவு.

ஏன் இப்படி எழுதுகிறேன் என்று யோசிக்காதே. உன் மகள் மிதுசா வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தாள். அதன் மூலையில், "அப்பாவின் கொத்துரொட்டிக் கடையை மூடிவிட்டோம் மாமி, விஷால் அதை பேர்கர் கடையாக மாற்றுகிறார்" என்று இரண்டு பூப்படத்துக்கு நடுவில் எழுதியிருந்தாள். கடை மூடுகிற செய்தியைப் பூப்போட்டுச் சொல்கிற பிள்ளையை உன்னால்தான் வளர்க்க முடியும். உன் மருமகனைப் பற்றி நான் என்ன சொல்ல? சென்னையிலிருந்து இயந்திரம் படிக்க வந்தவன். இயந்திரத்தைத் தவிர மற்றதெல்லாம் படித்திருக்கிறான். கலியாண வீட்டில் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, உங்க ஃபேமிலிக்கு ஒரு ப்ராண்ட் இருக்கு" என்றான். மாட்டுக்குத்தான் குறி சுடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு முக்கியமான விஷயம். எங்கள் ஊர் ஒன்றியம் இந்த ஆண்டு மலர் போடுகிறது. முருகுப்பிள்ளை அப்புவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அம்மாவின் தகப்பன் என்பதற்காக அல்ல, ஊரில் மதுவிலக்குக் கொண்டுவந்த மனிதர் என்பதற்காக. அப்புவின் படம் உன் வீட்டில்தான் இருக்கிறது. தலைப்பாகையும் கோட்டும் போட்டு நிற்கிற அந்தப் படத்தைப் பிரதி எடுத்து அனுப்பு. கையில் பிடிக்கிற படமாக அனுப்பு. ரெலிபோனில் தள்ளிவிடுகிற படம் எனக்கு வேண்டாம்.

உன் அக்கா,
சுகன்யாதேவி


ஹம்பேர்க்
09.02.2025

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. உங்கள் காதுக்கு நல்ல வைத்தியரிடம் இன்னொரு Termin எடுத்து, அந்த நாளில் போய்க் காட்டுங்கள் என்று மிதுசா சொல்லச் சொன்னாள்.

கடையை மூடியதைப் பற்றி நானே எழுதியிருக்க வேண்டும், பிழைதான். கொத்துரொட்டிக்கு வந்த சனமெல்லாம் இப்போது வீட்டிலேயே கொத்துகிறது, அக்கா. மிச்சம் வந்தவர்கள் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

புதுக் கடை நன்றாகத்தான் வருகிறது. வெளியில் பார்த்தால் ஒரு சின்னப் பெட்டிக்கடை போல இருக்கும். உள்ளே சாமான் குளிரவைக்கிற ஒரு பழைய பிறிட்ஜ் நிற்கும். அந்தப் பிறிட்ஜின் கதவைத் திறந்தால் நிலவறைக்குப் போகிற படி. கீழே அரை இருட்டு, செங்கல் சுவர், பித்தளை விளக்கு. அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு முன் குடியைத் தடைசெய்திருந்த காலத்தில் ஒளித்து நடத்திய குடிக்கடைகள் இப்படித்தான் இருந்தனவாம். நாங்கள் கள்ளத் தவறணை என்று சொல்வோமே, அதுதான். இந்தத் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்கு விஸ்கி கடத்திய ஒரு கப்பல்காரன் இந்த நிலவறையில்தான் கள்ளத் தவறணை நடத்தினான் என்று மெனு அட்டையில் வரும். நான் கொஞ்சம் தயங்கினேன். விஷால் என் தோளில் கையைப் போட்டு, "மாமா, பர்கர் யார் வேணா விப்பாங்க. நாம ஸ்டோரி விக்கிறோம்" என்றான்.

நான் குசினியில் நிற்பேன். திறப்புவிழாவுக்கு நீங்கள் வந்தால் எனக்குச் சந்தோசம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
சிறி


லைப்சிக்
17.02.2025

அன்புள்ள சிறிக்கு,

இங்கே பனி கொட்டுகிறது, நான் சுகம். உன் முழங்கால் வலிக்கு நல்லெண்ணெய் பூசு. உன் மூளைக்கு என்ன பூசுவது என்றுதான் தெரியவில்லை.

ஹம்பேர்க்கில் கள்ளத் தவறணையா? அமெரிக்காவில் தடை என்றால் அமெரிக்காவில் ஒளித்துக் குடித்திருப்பான். சந்திக்குச் சந்தி பியர் விற்கிற ஊரில் உன் கப்பல்காரன் எவனுக்கு ஒளித்தான்? பெண்சாதிக்கா? அதற்காகவா பிறிட்ஜுக்குள்ளால் நுழைந்து போனான்? ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளில் பிறிட்ஜ் எங்கே இருந்தது என்றாவது அவனைக் கேட்டாயா? இந்த நாட்டுப் படித்த டொச்சுக்காரர் இதை வாசித்துவிட்டுக் காசு கொடுத்துச் சாப்பிடுவார்கள் என்றால் அவர்களைப் பற்றி நான் வைத்திருந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று.

பொய்யான மதுவிலக்கில் கடை போடுகிறவனுக்கு உண்மையான மதுவிலக்கு என்றால் என்ன என்று நீ சொல்லியிருக்கலாம். எங்கள் அப்பு இருபத்தைந்து வயதில் வீடு வீடாகப் போய்ச் சனத்தைச் சேர்த்து, வாக்குப் போட வைத்து, சந்தித் தவறணையை இழுத்து மூடினவர். மூடியதோடு விட்டாரா? குடித்துப் பழகினவர்கள் மாலையில் தடம் மாறக்கூடாது என்று தன் தோட்டத்துப் புகையிலைக் கொட்டிலில் அவர்களைக் கூட்டி வைத்துப் புராணம் படிப்பித்தார். அறுபது, எழுபதுகளிலும் அது நடந்தது. நாங்கள் பெண்பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது, ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பாட்டுச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். கட்டுரையில் இதைத்தான் விரிவாக எழுதியிருக்கிறேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. இப்படியும் ஒரு மனிதர் எங்கள் வீட்டில் இருந்திருக்கிறார், பிறகு நீ பிறந்தாய்.

படம் கேட்டேன். நீ அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அனுப்பு.

உன் அக்கா


ஹம்பேர்க்
30.03.2025

அன்பின் அக்காவுக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது, கோபிக்க வேண்டாம். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் ஊரில் பனி கரைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை கடை திறந்தாயிற்று. ஐயரைக் கூப்பிட்டுப் பால் காய்ச்சிப் பூசை செய்தோம். மாட்டிறைச்சி இருக்கிற இடத்துக்கு ஐயர் எப்படி வருவார் என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் கேட்கவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல், இறைச்சிப் பெட்டிகள் எல்லாவற்றையும் பக்கத்துப் பூக்கடைக்காரியின் குளிர்அறைக்குள் வைத்துவிட்டு, கடையைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். ஐயர் போனதும் பெட்டிகளைத் திரும்ப எடுத்து வந்தோம். அன்று விற்ற பேர்கர் எல்லாவற்றிலும் லில்லிப் பூ மணத்தது. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. இரண்டு பேர் அந்த மணத்தைப் பற்றிப் பாராட்டி இணையத்தில் எழுதியிருக்கிறார்களாம். விஷால் இப்போது அதை எப்படித் தொடர்ந்து செய்வது என்று யோசிக்கிறான்.

சனம் நன்றாக வருகிறது. சனிக்கிழமைகளில் பிறிட்ஜ் கதவுக்கு முன் தெருவரைக்கும் நிற்கிறார்கள்.

அக்கா, மலருக்கு வேறு ஏதாவது எழுதினால் என்ன? நீங்கள் லைப்சிக்கில் முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்த காலத்தைப் பற்றி எழுதுங்கள். அது யாருக்கும் தெரியாத கதை. அப்புவைப் பற்றி ஊருக்குத் தெரியும்தானே.

படத்தைத் தேட வேண்டும்.

அன்புத் தம்பி,
சிறி


லைப்சிக்
06.04.2025

சிறிக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. சிரித்து வயிறு நோகிறது.

ஐயர் பேர்கர் தட்டுக்குச் சந்தனம் வைத்தாரா, குங்குமமும் வைத்தாரா? பிள்ளையாரைச் சாப்பிட வரச் சொல்லிவிட்டு மாட்டைப் பூக்கடைக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். ஒளித்துச் செய்கிற கடை என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை, இப்போது நம்புகிறேன்.

நான் குசினியில் உருளைக்கிழங்கு சீவினதை எழுதட்டுமாம், அப்புவைப் பற்றி வேண்டாமாம். பொறாமைக்கும் ஒரு அளவு இருக்கிறது. கட்டுரையை நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். சுவரில் தொங்குகிற படத்தை எதற்குத் தேட வேண்டும்? ஏணி இல்லையா?

அக்கா


லைப்சிக்
02.05.2025

சிறி,

நீ சுகமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

மிதுசா பாவம், ஒன்றும் அறியாத பிள்ளை. "மாமி பார்த்துச் சந்தோசப்படுவா" என்று உங்கள் மெனு அட்டையை எனக்கு அனுப்பியிருக்கிறாள். நீ தேடிக்கொண்டிருந்த படம் கிடைத்துவிட்டது. அட்டையின் முன்பக்கத்திலேயே இருக்கிறது.

முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு கண்ணைப் பார்த்தேன். தலைப்பாகையைக் கழற்றிவிட்டு நங்கூரம் வைத்த வெள்ளைத் தொப்பி போட்டிருக்கிறீர்கள். வாழ்நாளில் வெற்றிலைகூடப் போடாத வாயில் சுருட்டைச் செருகியிருக்கிறீர்கள். நெற்றியில் இருந்த மூன்று குறித் திருநீற்றையும் கொம்பியூட்டரால் துடைத்துவிட்டீர்கள். துடைத்த இடம் பளபளவென்று இருக்கிறது, ஏதோ முகத்துக்குக் கிறீம் பூசிக்கொண்டவர் மாதிரி. கீழே டொச்சில், "கப்டன் மர்ஃபி. கடத்தல்காரன், கள்ளத் தவறணைக்காரன், எங்கள் கடையின் தந்தை."

முருகுப்பிள்ளை மர்ஃபி ஆகிவிட்டார். அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க அந்த எருமைக்கு எத்தனை நாள் பிடித்தது? எங்கள் மானத்தை இப்படி இறைச்சிக்கும் கெச்சப்புக்கும் நடுவில் வைத்து விற்க நீ சம்மதித்தாயா, இல்லை, நீ குசினியில் வெங்காயம் உரிக்கிற நேரத்தில் நடந்ததா? அவனை நான் பேசமாட்டேன். அவன் பிறத்தியான். பழைய படம் ஒன்று கிடைத்தால் அவனுக்கு அது சுவருக்குச் சாமான். உன்னைத்தான் பேசுவேன். நீ அந்த மனிதரின் மடியில் இருந்து சோறு தின்றவன்.

அட்டைகளை எரி. சுவரில் அந்தக் கோலத்தில் படம் இருந்தால் கழற்று. கழற்றிவிட்டேன் என்று நீ எழுதுகிற வரைக்கும் உனக்கு அக்கா இல்லை. என் செத்தவீட்டுக்கும் நீ வரவேண்டாம்.

சுகன்யாதேவி


ஹம்பேர்க்
20.05.2025

அன்பின் அக்காவுக்கு,

நீங்கள் வேண்டாம் என்றாலும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதத் தொடங்குகிறேன்.

படத்தைக் கொடுத்தது நான்தான். விஷாலில் பிழை இல்லை. திருநீற்றைத் துடைத்ததை நான் பிறகுதான் பார்த்தேன். அதைத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறேன். தொப்பியை மாற்றுவது கஷ்டமாம்.

சுவரில் இருக்கிற படத்தை என்னால் கழற்ற ஏலாது. உங்களைவிட எனக்கு அந்தக் கடை பெரிதில்லை, தயவுசெய்து அப்படி நினைக்க வேண்டாம்.

அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அந்தக் கட்டுரையைத் திரும்ப வாங்குங்கள். காரணம் கேட்க வேண்டாம்.

தம்பி


லைப்சிக்
28.05.2025

சிறி,

காரணம் கேட்கக் கூடாதாம். எனக்கு வயது அறுபத்தெட்டு. இந்த வயதில் காரணம் கேட்காமல் நான் செய்கிற ஒரே வேலை மாத்திரை விழுங்குவது.

நன்றாகக் கேட்டுக்கொள். மலர் வெளியீடு ஜூன் 28ஆம் திகதி. ஊன்ட்றொப் அம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் மண்டபம் எடுத்திருக்கிறார்கள், கோவிலுக்கு வருகிற சனமும் வரும். கட்டுரையை அச்சில் போடுவதோடு மேடையில் என்னையே வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பழைய ஆட்கள் எல்லாரும் முன்வரிசையில் இருப்பார்களாம். நான் வாசிப்பேன். உன் மெனு அட்டையையும் கையில் கொண்டுபோய், இப்படிப்பட்ட மனிதரை அவருடைய பேரனே என்ன செய்தான் என்று எல்லாருக்கும் காட்டுவேன்.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று மிதுசாவுக்கு விளங்காது. உனக்கு விளங்கும். இரத்தினம் என்னைப் பெண் கேட்டபோது நீ பதினெட்டு வயதுப் பெடியன், எல்லாம் பார்த்தாய். நல்ல உத்தியோகம், என்னில் உயிரையே வைத்திருந்தான். அவனுடைய பாட்டன் அந்தச் சந்தித் தவறணையைக் குத்தகைக்கு நடத்தினவர் என்பது ஒன்றுதான் குறை. அப்பு கதிரையில் இருந்தபடியே, "சாராயக் காசு திண்ட வீட்டில என்ர பேத்தி தண்ணியும் குடிக்கக்கூடாது" என்றார். இரத்தினம் பதிவுத் திருமணம் செய்வோம், வா என்றான். நான்தான் மாட்டேன் என்றேன். ஒருவரும் என் காலைக் கட்டவில்லை. அப்புவின் பெயருக்காக நானே மாட்டேன் என்றேன். பிறகு வந்த எவனையும் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் கனடாவுக்குப் போய், கலியாணம் முடித்து, போன வருடம் செத்தும் போய்விட்டான்.

நான் குடும்பம் இல்லாமல் இருக்கிறேன் என்று யாராவது பரிதாபப்பட்டால் எனக்குச் சிரிப்பு வரும். நான் எதற்காக இப்படி இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும், அது நல்ல காரணம். அதைத்தான் நீங்கள் தொப்பி போட்டு பேர்கருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள்.

சுகன்யாதேவி


ஹம்பேர்க்
22.06.2025

அன்பின் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். விழாவுக்கு முதல் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். இருந்துகொண்டு வாசியுங்கள்.

அப்பு தவறணையை மூடியது உண்மை. மூடிய பிறகு தானே விற்றார், அதுவும் உண்மை. அந்தப் புகையிலைக் கொட்டில்தான் கடை. புராணம் படித்ததும் பொய்யில்லை. ஒருவர் படிக்க, ஒருவர் பொருள் விரித்துப் பயன் சொல்ல, மற்றவர்கள் குடிப்பார்கள். பொலிஸ்காரர் வந்தால் சத்தம் கூடும். சந்தியில் தவறணை இருந்திருந்தால் அவரிடம் யார் வந்திருப்பார்கள்? தோட்டக் காணியும் கல்வீடும் புகையிலையில் வரவில்லை, அக்கா. நான் வெளிநாடு வருகிற காலத்துக்குக் கொஞ்சம் முந்திவரைக்கும் அது நடந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொட்டிலுக்குச் சாராயம் கொடுத்தது இரத்தினம் அண்ணையின் வீடுதான். தவறணை போன பிறகு அவர்களுக்கும் பிழைக்க வழி வேண்டும்தானே. இரண்டு வீடும் வியாபாரத்தில் பங்காளிகள். சம்பந்தம் வைத்தால் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று ஊர் தோண்டும். அந்தப் பயத்தில்தான் அப்பு மறித்தார். குடியை வெறுத்து இல்லை.

எனக்கு இதைச் சொன்னது அம்மா. இங்கே ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்த நாட்களில் சொன்னா. சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து, "தேவிக்குச் சொல்லிப்போடாத. அவளுக்கு அது ஒண்டுதான் மிச்சம்" என்றா. நான் சொல்லவில்லை.

விஷால் வீட்டுச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "யாரு மாமா இவரு, செம கெத்தா இருக்காரு" என்று கேட்டான். எத்தனையோ வருடமாக எல்லாருக்கும் மதுவிலக்குக் கொண்டுவந்தவர் என்றே சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அன்று வாயில் உண்மை வந்துவிட்டது. கள்ளத் தவறணை நடத்தினவர் என்றேன். அவனுடைய கடையே அந்தச் சொல்லில் இருந்துதான் வந்தது. அமெரிக்காவும் கப்பலும்தான் அவன் போட்டது. ஒவ்வொரு நாளும் குசினிக்குப் போகிறபோது அந்தப் படத்தைப் பார்க்கிறேன். இப்போதுதான் அவர் தனக்குரிய இடத்தில் இருக்கிறார் என்று தோன்றுகிறது. அதனால்தான் கழற்ற மனம் வரவில்லை.

முன்வரிசையில் இருக்கப்போகிற கிழவர்களில் பாதிப்பேர் இளவயதில் அந்தக் கொட்டிலில் புராணம் கேட்டவர்கள். நீங்கள் வாசிக்கிறபோது அவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துச் சிரிப்பதை நினைக்கவே எனக்கு ஏலாமல் இருக்கிறது. என்னைப் பேசுங்கள், அடியுங்கள். ஆனால் அந்த மேடையில் ஏற வேண்டாம்.

என்னை மன்னியுங்கள்.

சிறி


லைப்சிக்
30.07.2025

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதமாக உனக்கு எழுதவில்லை. மிதுசா இரண்டு தரம் அட்டை போட்டாள், அவளுக்கும் எழுதவில்லை. சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதம் விழாவுக்கு முதல் நாள் கிடைத்தது. இருந்துகொண்டுதான் வாசித்தேன். முதலில் உன்னைத் திட்டினேன். பிறகு அம்மாவை. கட்டுரையை எடுத்து வாசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் நன்றாக இருந்தது. உன் மருமகனுக்கு இவ்வளவு நன்றாக எழுத வராது.

நான் போனேன். நீ வராதது நல்லது. மண்டபம் நிறையச் சனம். முன்வரிசையில் கிழவர்கள் பட்டு வேட்டியோடு இருந்தார்கள். என் பெயரைச் சொன்னதும் கைதட்டினார்கள். மேடையில் ஏறி, காது மெசினைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன். எவன் சிரித்தாலும் எனக்குக் கேட்கக்கூடாது. கட்டுரையைத் திறக்கவில்லை. "எங்கட அப்பு தவறணையை மூடிப்போட்டு, வீட்டுத் தோட்டத்தில சாராயம் வித்தவர். வாங்கிக் குடிச்ச ஆக்கள் இதில இருக்கிறியள். எழும்பி நில்லுங்கோ, சனம் பாக்கட்டும்" என்றேன்.

ஒருவரும் எழும்பவில்லை. நீ அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் செருப்பைத் தேடினார். ஒருவர் பேரப்பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து முகத்தை மறைத்தார். ஒன்றியத் தலைவர் மைக்கைப் பிடுங்க வந்தார். "முதல்ல நீங்கள் எழும்புங்கோ அண்ணை" என்றேன். மனிதர் அப்படியே திரும்பிப் போய் இருந்தார். ஊரைத் திருத்தினவரும் கள்ளன், திருந்தினவர்களும் கள்ளர். இவர்கள் சிரிப்பார்கள் என்று நீ பயந்தாய். இவர்களுக்குப் பயந்துதான் நான் ஒரு ஆயுசை ஒழுங்காக மடித்து அலுமாரிக்குள் வைத்திருந்தேன்.

படத்தைக் கழற்ற வேண்டாம், இருக்கட்டும். அந்த மர்ஃபி என்ற பெயரை எடுத்துவிட்டு, வேலுப்பிள்ளை மகன் முருகுப்பிள்ளை என்று தமிழிலும் டொச்சிலும் எழுது. தொப்பியைக் கழற்றித் தலைப்பாகையைக் கட்டு. கஷ்டமாம் என்று விஷால் சொன்னால் என்னிடம் பேசச் சொல். திருநீற்றைத் திரும்பப் போடச் சொன்னதாக எழுதியிருந்தாய். அதைப் போட வேண்டாம்.

கீழே இறங்கி வந்தபோது ஒருத்தி வந்து என் கையைப் பிடித்தாள். இரத்தினத்தின் தங்கை குமுதினி. கனடாவிலிருந்து கோவிலுக்கு வந்திருக்கிறாள். மெசினைத் திரும்பப் போட்டுக்கொண்டு என்ன என்று கேட்டேன். "எங்களுக்கு முந்தியே தெரியும் அக்கா. அப்பா வீட்டில எல்லாம் சொன்னவர்" என்றாள். இரத்தினத்துக்கும் தெரியுமா என்று கேட்டேன். "அண்ணைக்கும் அப்பவே தெரியும். தேவிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, அவ தாங்கமாட்டா எண்டு எங்களிட்டச் சத்தியம் வாங்கினவர்" என்றாள். சொல்லிவிட்டு, தன் அண்ணன் எவ்வளவு நல்லவர் என்று நினைத்து அழுதாள்.

எனக்கு அழுகை வரவில்லை. தேவி தாங்கமாட்டாள் என்று அம்மா சொன்னா. நீ தாங்கமாட்டாள் என்றாய். அவனும் தாங்கமாட்டாள் என்றான். எல்லாருமாகச் சேர்ந்து என்னை நோகாமல் பார்த்திருக்கிறீர்கள், நல்லது. அன்றே தெரிந்திருந்தவர்களில் ஒருவராவது வாயைத் திறந்திருந்தால், தம்பி, நான் உடுத்த சீலையோடு அவனோடு போயிருப்பேன்.

தேவி